பொட்டு வைக்காத நட்டு

சேசு மரி சூசை துணை

மஸ்கட்
8-1-1989

அன்புத் தம்பி சவுரிமுத்துவுக்கு அண்ணன் ஏசுபாதம் எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் தனமும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ் அட்டை கிடைத்தது. உன் கையெழுத்தைத் தவிர அதில் ஒரு வரியும் இல்லை. அட்டை வந்ததே சந்தோஷம்தான். சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

ஒரு காரியமாக எழுதுகிறேன். நம் பிள்ளை தாவீதுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. டிரைவிங் லைசென்ஸும் எடுத்துவிட்டான். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினால் என்ன வேண்டுமானாலும் கேள் என்று சொல்லியிருந்தேன். கார் கேட்கிறான். நான் ஊரை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அவன் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

அதுவும் சாதாரணக் கார் இல்லை. பல்லாவரத்தில் ஏகநாதன் என்ற மெக்கானிக்கின் ஷெட்டில் நிற்கிறதாம். அறுபத்தாறாம் வருட ஹெரால்டு, ரெண்டு கதவு. பணக்கார வீட்டுப் பிள்ளை யாரோ சோழவரம் ரேஸுக்காகக் கூரையை அறுத்து எடுத்துவிட்டுத் துணிக்கூரை போட்டு, சிவப்பு அடித்து ஓட்டியிருக்கிறான். தாவீது இதை ஸ்போர்ட்ஸ் கார் என்கிறான். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். போட்டோவில் காரைவிட இவன் பல்தான் அதிகம் தெரிகிறது.

எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. உனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நீ ஒரு தடவை பார்த்துச் சொல். நீ சரி என்றால் வாங்கட்டும். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடட்டும். நீ பார்த்த வண்டி என்றால் நான் இங்கே கவலையில்லாமல் இருப்பேன்.

வீட்டுப் பக்கமே நீ வருவதில்லை என்று உன் அண்ணி பேபி எழுதுகிறாள். பழைய விஷயங்களை இன்னும் எத்தனை நாள் வைத்துக்கொண்டிருப்பாய்? தனத்துக்கு என் அன்பு.

உன் அண்ணன்
ஏசுபாதம்


கிழக்குத் தாம்பரம்
23-1-1989

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. நாங்கள் இருக்கிறோம். சர்க்கரையும் இருக்கிறது, அது எங்கும் போகாது. டுடோரியலில் இந்த வருடமும் எனக்கே எல்லா வகுப்பும். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன், பத்தாவது தவறியவர்களுக்கு நியூட்டனின் மூன்று விதிகளைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன்.

பழைய விஷயங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எது என்று எழுதவில்லை. நான் எழுதுகிறேன். குரோம்பேட்டையில் நாம் இருவரும் வேலை பார்த்த பஸ் கம்பெனியில் நான் இன்ஸ்பெக்டர், நீங்கள் ஸ்டோர் கீப்பர். நான் ஒவ்வொரு நட்டாகச் சோதித்து மஞ்சள் பெயின்ட்டில் பொட்டு வைப்பேன். பொட்டு இல்லாத நட்டு ஒன்று இருந்தாலும் பஸ் கேட்டைத் தாண்டக் கூடாது. 1974-ல் ஒரு பஸ் செங்கல்பட்டு தாண்டிக் கவிழ்ந்தது. கழன்ற நட்டைக் கொண்டுவந்து விசாரணை மேசைமேல் வைத்தார்கள். அதில் மஞ்சள் இருந்தது. நான் வைக்கவில்லை என்றேன். அந்த பஸ் கேட்டைத் தாண்டிய வாரம் ஃபோர்மேன் கஸ்தூரிரங்கன் உங்கள் ஸ்டோரிலிருந்து ஒரு டின் மஞ்சள் வாங்கிப் போனார். கொடுத்தது நீங்கள். விசாரணையில் கேட்டபோது, "நினைவில்லை" என்றீர்கள். எனக்கு வேலை போயிற்று. உங்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கிடைத்தது, அதைக் காட்டித்தான் மஸ்கட் போனீர்கள்.

இவ்வளவுதான் பழைய விஷயம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லப்படுவது தலையை வெட்டிய ஹெரால்டு. ரேஸில் அடிபட்ட வண்டியை வாங்குகிறவன் இன்னொருவனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்குகிறான். ஆனாலும் பார்க்கிறேன். மூத்தவர் கேட்டால் மறுக்கக் கூடாது என்று அப்பா வளர்த்தார். ஷெட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன். சேலையூர் வீட்டுக்கு வர மாட்டேன். இங்கிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். ஃபாதர் ஜெபம் சொல்லி வீடு மந்திரித்த நாளிலிருந்து ஏழு வருடமாக அந்தப் பத்து நிமிடம் எனக்குத் தேவைப்படவில்லை.

அண்ணியின் ரத்த அழுத்தம் குறைந்திருப்பதாகத் தனம் கோயிலில் கேட்டுவந்து சொன்னாள்.

இப்படிக்கு
சவுரிமுத்து


சேலையூர்
30-1-1989

அன்புள்ள சித்தப்பாவுக்கு தாவீது எழுதறது. நீங்களும் சித்தியும் எப்படி இருக்கீங்க? நாங்க நல்லா இருக்கோம்.

பக்கத்துல இருக்கற உங்களுக்கு இன்லேண்டு லெட்டர் போடறது எனக்கே சிரிப்பா இருக்கு. போஸ்ட்மேன் என்னைப் பாத்து, ஏன் தம்பி சைக்கிள் பஞ்சரான்னு கேட்டாரு. நேர்ல போனா உங்க சித்தப்பா பேப்பருக்குப் பின்னாடி போயிடுவாரு, லெட்டர்னா படிச்சுத்தானே ஆகணும்னு அம்மாதான் ஐடியா குடுத்தாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை, 5-ம் தேதி, பூசை முடிஞ்சதும் ஏகநாதன் அண்ணன் ஷெட்டுக்கு வர முடியுமா? எட்டாந்தேதி சாம்பல் புதன். தவக்காலம் ஆரம்பிச்சிட்டா அம்மா வண்டி வாங்க விடமாட்டாங்க, ஃபாதரும் மந்திரிக்க மாட்டாரு. ஈஸ்டர் வரைக்கும் விட்டா வேற எவனாவது தள்ளிகினு போயிடுவான். அதனால இந்த ஞாயிறை விட்டா எனக்கு இந்த வண்டி இல்லை சித்தப்பா.

இன்னொண்ணு. உங்க பொட்டைப் பத்தி அப்பா நிறைய சொல்லியிருக்காரு. போன லீவுல வந்தப்பகூட பஸ்ல போறப்ப சொன்னாரு. என் தம்பி பொட்டு வெச்ச பஸ்ஸு கன்னியாகுமரி போய்ட்டு வந்தாலும் ஒரு நட்டு அசையாதுன்னு. அந்த மஞ்சள் டின் இன்னும் இருந்தா எடுத்துட்டு வாங்க. என் வண்டிக்கும் நீங்களே பொட்டு வைக்கணும்.

காரு சூப்பரா இருக்கும், பாருங்க.

உங்கள்
தாவீது


கிழக்குத் தாம்பரம்
6-2-1989

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நேற்று காரைப் பார்த்தேன்.

ஷெட் பல்லாவரம் சந்தை மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. காலை பத்து மணிக்குப் போனேன். உங்கள் மகன் எனக்கு முன்பே வந்து காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை மாற்றக்கூட இல்லை. வாங்கப் போகும் காரைத் துடைப்பவனுக்கு விற்பவன் விலை குறைக்க மாட்டான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. உங்களைப் போலவே நிற்கிறான், ஒரு காலில் சாய்ந்து.

எஞ்சின் பரவாயில்லை. பிரேக் பிடிக்கிறது. கூரை இல்லாததால் உடம்பு கொஞ்சம் முறுகுகிறது, ஆனால் அடியில் இரண்டு இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். ஒழுங்கான வேலை. ஏகநாதன் கெட்டிக்காரன்தான், பேச்சுதான் அதிகம். நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்த இரண்டு மணி நேரமும் சோழவரத்தில் இந்தக் கார் யாரை எல்லாம் முந்தியது என்று கதை சொன்னான்.

முன்பக்கத்தில் உயிரைத் தாங்கும் இடம் பன்னிரண்டு. பதினொன்றைச் சோதித்தேன், சரியாக இருந்தன. பொட்டு வைத்தேன். பையன் கேட்டிருந்தான். டின்னும் கையில் இருந்தது.

பன்னிரண்டாவது, இடது முன்சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் மூட்டு. நட்டு இறுக்கமாகத்தான் இருக்கிறது. நட்டுக்குக் கீழே மூட்டின் குண்டு தேய்ந்துவிட்டது. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் ஒரு நூல் அளவு ஆடுகிறது. இது இப்போதே கழலாது. ஒரு மாதம் ஓடலாம், இரண்டு மாதம் ஓடலாம். பிறகு ஒரு வளைவில் கழலும். அதை மாற்றாமல் இந்தக் காரை ஓட்டக் கூடாது. மாற்றினால் நல்ல கார். அந்த நட்டுக்கு நான் பொட்டு வைக்கவில்லை.

வெளியே வந்ததும் ஏகநாதன், "இன்னா சார், வண்டி எப்டி கீது? ஒரு வார்த்த சொல்லு" என்றான். பையன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

பார்க்கச் சொன்னவர் நீங்கள். எனவே முடிவை உங்களுக்கு எழுதுகிறேன்.

தனம் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு
சவுரிமுத்து


சேலையூர்
14-2-1989

அன்புள்ள சித்தப்பாவுக்கு தாவீது எழுதறது. நலம், நலமறிய ஆவல்.

வண்டி வந்தாச்சு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சாம்பல் புதனுக்கு மொத நாளு, ஃபாதர் வந்து மந்திரிச்சாரு. தீர்த்தம் தெளிச்சப்ப மேல கூரை இல்லாததால சீட்டெல்லாம் நனைஞ்சிடுச்சு. இது காரா தொட்டியான்னு ஃபாதர் கேட்டாரு. அம்மாவே சிரிச்சிட்டாங்க.

நீங்க அன்னைக்கு ஒண்ணும் சொல்லாம போயிட்டீங்க. எனக்குக் கொஞ்சம் பயமாதான் இருந்துச்சு. வண்டி சரியில்லையோன்னு ஏகநாதன் அண்ணன்கிட்ட கேட்டேன். "உங்க சித்தப்பா வாய் பேசாது தம்பி, கைதான் பேசும். மஞ்சா வெச்சுட்டுப் போச்சு இல்ல, அப்புறம் இன்னா" அப்படின்னாரு. சரிதானே சித்தப்பா? ஏதாவது இருந்தா ஒரு கார்டு போடுங்க.

காலேஜ்ல எல்லாரும் பொட்டு வெச்ச காருன்னு பேர் வெச்சிட்டானுங்க. நேத்து உங்க தெரு முனையில நிறுத்தி ரெண்டு தடவை ஹாரன் அடிச்சேன். நீங்க வெளியே வரலை. சித்தி மட்டும் ஜன்னல்ல கை காட்டினாங்க. ஒரு நாள் உங்களை மகாபலிபுரம் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். முன் சீட்டு உங்களுக்குத்தான்.

உங்கள்
தாவீது


சேசு மரி சூசை துணை

மஸ்கட்
22-2-1989

அன்புத் தம்பி சவுரிக்கு அண்ணன் ஆசீர்வாதம். நான் நலம். கொஞ்சம் இருமல் இருந்தது, போய்விட்டது. உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல்.

உன் ஆறாம் தேதிக் கடிதம் இன்று வந்தது. இரண்டு தடவை படித்தேன். இவ்வளவு நுணுக்கமாக வேறு யார் பார்த்திருப்பார்கள்? அந்த மூட்டு விஷயத்தைப் படித்ததும் நம் சேலையூர் பக்கத்து வீட்டு ஸ்ரீநிவாசராகவன் சாருக்குப் போன் போட்டு பேபியைக் கூப்பிடச் சொல்லலாமா என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். நீ அந்த இடத்திலேயே அவனிடம் சொல்லியிருப்பாய் அல்லவா. எனக்கே இவ்வளவு எழுதியவன் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் சொல்லாமலா வந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் பேபிக்கும் இதே தபாலில் எழுதுகிறேன், மூட்டு மாற்றிய பிறகுதான் வண்டியைத் தொட வேண்டும் என்று.

நீ போன கடிதத்தில் எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நேரில் பேச வேண்டிய விஷயம். மே மாதம் லீவு கேட்டிருக்கிறேன்.

நீ எங்களுக்குச் செய்த உதவியை மறக்க மாட்டேன்.

உன் அண்ணன்
ஏசுபாதம்


கிழக்குத் தாம்பரம்
7-3-1989

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அண்ணியுடன் நீங்கள் போனிலும் பேசியதாகத் தனம் சொன்னாள். அண்ணி திடமாக இருக்கிறார்கள். தனம் இரண்டு நாளாக அவர்களுடன்தான் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து தாவீது மட்டும் காரை எடுத்துக்கொண்டு மேடவாக்கம் வழியாகப் போயிருக்கிறான். கோவிலம்பாக்கம் ஏரிக்கரைத் திருப்பத்தில் இடது முன்சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கியது. ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றியிருக்கிறது. கார் கரையில் ஏறிப் பனைமரத்தில் மோதி நின்றது. வேகம் அதிகம் இல்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மாடு ஓட்டிவந்தவர்கள்தான் தூக்கி, ஒரு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள்.

உயிருக்கு ஆபத்து இல்லை. இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. நேற்று ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். நடப்பான். முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். கிளட்ச் மிதிக்க முடியுமா என்று அவன் கேட்டானாம்.

நான் நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கதவருகே நின்று பார்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபோது உங்கள் இருபத்திரண்டாம் தேதிக் கடிதம் மேசைமேல் இருந்தது. அண்ணிக்கு நீங்கள் எழுதியதும் நேற்றுதான் வந்ததாம்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

சவுரிமுத்து


சேசு மரி சூசை துணை

மஸ்கட்
20-3-1989

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும், எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தனம் சொன்னதாக பேபி சொன்னாள்.

லீவு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். மே பன்னிரண்டுக்கு முன்னால் முடியாது. வேலை வேண்டாம் என்று வந்துவிடலாம் என்று இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவை நினைத்து இருக்கிறேன்.

போன வாரம் தாவீதுடன் போனில் பேசினேன். ஆஸ்பத்திரி ஆபீஸ் போனுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். சித்தப்பா உன்னிடம் சொன்னாரா என்று கேட்டேன். சொன்னாரு அப்பா, அன்னைக்கே சொன்னாரு, நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன் என்றான். எனக்கு வந்த கோபத்தில் அடிபட்டுக் கிடக்கிற பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லை. உன் காலை நீயே உடைத்துக்கொண்டாய் என்று சொல்லிவிட்டேன். பேபியும் அவனிடம் இரண்டு நாள் பேசவில்லையாம். இப்போது பேசுகிறாள்.

ஒரு நாள் என் மனதில் ஒரு சந்தேகம் வந்தது. உன்னைப் பற்றி. அதற்காக என்னை மன்னித்துவிடு. உன்னை நான் சந்தேகப்படுவது இரண்டாவது தடவையாக ஆகிவிடக் கூடாது.

உன் அண்ணன்
ஏசுபாதம்


கிழக்குத் தாம்பரம்
3-4-1989

தாவீதுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று சித்தி சொன்னாள். தையல் ஆறியிருக்கும்.

காரைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதாக உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். நான் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை. அது உனக்கும் தெரியும். ஏன் அப்படிச் சொன்னாய் என்று எழுது.

சவுரிமுத்து


சேலையூர்
8-4-1989

அன்புள்ள சித்தப்பாவுக்கு தாவீது எழுதறது. நீங்க எப்படி இருக்கீங்க? எனக்குப் பரவாயில்லை. ஊன்றுகோல் வெச்சு வாசல் வரைக்கும் நடக்கறேன். படுத்துகினே எழுதறேன், கோணலா இருந்தா மன்னிச்சிடுங்க.

அப்பாவும் அம்மாவும் அந்த மூட்டுக் கதையைச் சொன்னப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அப்பா போன்ல சொன்னாரா சொன்னாரான்னு கேட்டுக்கினே இருந்தாரு. இல்லைன்னு சொன்னா என்ன ஆவும்? நீங்க ரெண்டு பேரும் இனிமே சாவற வரைக்கும் பேசமாட்டீங்க. ஏற்கெனவே கார்டுல கையெழுத்து மட்டும்தான் போடறீங்க. என் காலு எப்படியும் மடங்கப் போறதில்லை. அதனால சொன்னாருன்னு சொல்லிட்டேன். அவ்ளோதான்.

அதுவுமில்லாம அது என் தப்புதான். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லலை. வண்டி எடுத்த மறுநாள் அடியில படுத்துப் பாத்தேன், உங்க பொட்டு எல்லாத்தையும் எண்ணினேன். இடது பக்கம் ஒரு நட்டுல மட்டும் இல்லை. ஸ்பேனர் போட்டுப் பாத்தேன், டைட்டாதான் இருந்துச்சு. சரி, சித்தப்பா மறந்துட்டாருன்னு நெனைச்சு, ஆட்டோ ஸ்டாண்டுல சம்பத்துகிட்ட பெயின்ட் வாங்கி நானே வெச்சிட்டேன். எல்லாத்துலயும் இருந்து ஒண்ணுல மட்டும் இல்லைன்னா பாக்க நல்லா இல்லை. அப்புறம் சர்வீஸுக்கு விட்டப்ப ஏகநாதன் அண்ணன், மஞ்சா இருக்கற எடத்தை நான் தொடமாட்டேன்னு விட்டுட்டாரு. வெறுமனே இருந்திருந்தா பாத்திருப்பாரு. அதனாலதான் சொல்றேன், என் தப்புன்னு.

ராத்திரி வலியில தூக்கம் வராது. அப்ப ஒண்ணு தோணும். உங்ககிட்டதான் கேக்க முடியும். நீங்க அந்த நட்டை மறந்துட்டீங்களா, வேணும்னே விட்டீங்களா?

கார்டு போட இஷ்டம் இல்லைன்னா பரவாயில்லை.

உங்கள்
தாவீது


சேசு மரி சூசை துணை

கிழக்குத் தாம்பரம்
14-5-1989

அண்ணனுக்கு,

நீங்கள் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்ததாகத் தனம் சொன்னாள். பயணம் நல்லபடியாக முடிந்திருக்கும். இருமல் திரும்பவில்லை என்று நம்புகிறேன்.

நேற்று பல்லாவரம் போனேன். கார் ஷெட்டுக்குப் பின்னால் மண்ணில் கிடக்கிறது. துணிக்கூரையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. ஏகநாதன் என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னான்.

"முக்கா மணி நேர வேலை சார் அது. அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள மாத்திக் குடுத்திருப்பேன்."

நான் கீழே படுத்துப் பார்த்தேன். பதினொரு நட்டில் இருப்பது என் பொட்டு. பன்னிரண்டாவதில் ஆட்டோவுக்கு அடிக்கும் மஞ்சள், கொஞ்சம் வழிந்திருக்கிறது. பையன் கை. அதை அவனே வைத்ததாக எனக்கு எழுதியிருந்தான். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

1974-ல் என் முன்னால் ஒரு நட்டை வைத்தார்கள். நான் வைக்காத மஞ்சள் அதில் இருந்தது. இது உன்னுடையதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மை, ஒருவரும் நம்பவில்லை. இன்று இந்த நட்டை என் முன்னால் வைத்து அதே கேள்வியைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன். அதுவும் உண்மை. இந்தத் தடவை எல்லாரும் நம்புவார்கள்.

தாவீது உங்களிடம் சொன்னது பொய். நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிப்ரவரி ஐந்தாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த மூட்டு தேய்ந்தது எனக்குத் தெரியும். அவன் இரண்டு அடி தூரத்தில் நின்றான். நான் ஆறாம் தேதி மஸ்கட்டுக்கு எழுதினேன். இங்கிருந்து அங்கே கடிதம் போகப் பதினான்கு நாளுக்கு மேல் ஆகும் என்பதும் தெரியும். அவன் கார்டு போடச் சொல்லி எழுதினான், போடவில்லை. தெரு முனையில் ஹாரன் அடித்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். தனத்திடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அன்றே ஓடியிருப்பாள்.

என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். காலை உடைக்க நினைக்கவில்லை. கடிதம் வந்து சேரும்வரை எனக்குத் தெரிந்த ஒன்று உங்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நீங்களும் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு அதுவும் நினைக்கவில்லை. நாள் போயிற்று. காலையில் எழுந்து டுடோரியலுக்குப் போய் வந்தேன். இப்போதும் போய் வருகிறேன். ஏதாவது தோன்றும் என்று பார்க்கிறேன், தோன்றவில்லை.

நினைவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் நீங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நினைவிருக்கிறது.

எனக்காக ஒருவர் வாய் திறக்க வேண்டும் என்று பதினைந்து வருடம் இருந்தேன். உங்கள் மகன் திறந்தான். எனக்காகப் பொய் சொல்லி, உங்களிடம் திட்டும் வாங்கிக்கொண்டான். அவனைத் திட்டியதற்கு அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

போன மாதம் அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தான். மறந்தீர்களா, வேண்டுமென்றே விட்டீர்களா என்று. அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. அதை எழுத்தில் சொல்லக் கூடாது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. சைக்கிளுக்குக் காற்று அடித்துவிட்டேன். பத்து நிமிடத்தில் வந்து இதை உங்கள் கையில் கொடுப்பேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். பிறகு உள்ளே கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் விருப்பம். கூப்பிடாவிட்டால் தாவீதை மட்டும் வாசல்வரை அனுப்புங்கள். அவ்வளவு தூரம் நடக்கிறான் என்று எழுதியிருந்தான்.

சவுரிமுத்து